உன் மகன் எங்களைத் தெரியாது என்றான்

என் உயிருக்கு உயிரான தனம் அக்காவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் ஏரி உண்டா, அதன் நடுவே கோடு போட்டிருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. இங்கே போட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டுத் தண்ணீர், ஆந்திராத் தண்ணீர் என்று கண்ணுக்குத் தெரியாத கோடு. அதைத் தாண்டிவிட்டார் என்று போன வாரம் என் வீட்டுக்காரரின் படகையும் வலையையும் அக்கரைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மனுஷனை மட்டும் வேறு படகில் ஏற்றி அனுப்பினார்கள்.

பிடித்தவர்கள் உன்னைக் கட்டிக்கொடுத்த ஊர்க்காரர்கள். அதைக் கேட்டதும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. நம்ம சீனு அங்கே இருக்கிறானே! நீ கண்ணை மூடும்போது அவனுக்கு நடக்கக்கூட வராது. இங்கே நம்ம கோட்டைக்குப்பத்தில் என் மகளோடு சேர்த்து அவனுக்கும் பால் கொடுத்தவள் நான். மீசை முளைத்த பிறகுதான் அவன் அப்பாவுக்குத் துணையாக அக்கரைக்குப் போனான்.

எளாவூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு மாநில அதிகாரிகளும் பேச உட்கார்ந்தார்கள். படகைப் பறிகொடுத்தவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். சீனுவுக்குப் பிடிக்குமே என்று நண்டு வறுத்து, டிபன் கேரியரில் எடுத்துக்கொண்டு நானும் கிளம்பினேன். பேச்சுவார்த்தைக்கு நண்டு வறுத்துக்கொண்டு போன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். சிரிக்காதே.

அவன் ஊர்ப் பெரியவர்களுக்குப் பின்னால் நின்றிருந்தான். என் வாய் சும்மா இருக்குமா? "டேய் சீனு! இன்னாடா இப்டி எளச்சிப் பூட்டே? சாப்ட்டியா?" என்று கத்திவிட்டேன். மண்டபமே திரும்பியது. அவன் ஊர்க்காரர் ஒருவர் அவனை ஒரு பார்வை பார்த்தார். ஓர் அதிகாரி, எங்களைத் தெரியுமா என்று அவனிடம் தெலுங்கில் கேட்டார்.

"தெலீது சார்" என்றான், அக்கா. தெரியாதாம்.

அதற்குப் பிறகு அங்கே பேசியது எதுவும் என் காதில் விழவில்லை. கேரியரை வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார்.

"வுடு. அவனுக்கு இன்னா நெருக்கடியோ. அந்த ஊர்ல அவன் பொழைக்கணும்ல?" என்றார்.

படகைப் பறிகொடுத்த மனுஷன் பேசுகிற பேச்சா இது? எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை. சோற்றைப் பிசையும்போதும் அந்த ஒரு வார்த்தைதான் கேட்கிறது. பயந்து சொன்னானா, மனசாரச் சொன்னானா? நான் எல்லார் எதிரிலும் கூப்பிட்டதுதான் தப்பா? நீ இருந்திருந்தால் அந்த மண்டபத்தில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பாய்?

படகு இன்னும் வரவில்லை. அடுத்த மாதம் மறுபடியும் பேசுவார்களாம். அதுவரை இந்தப் பக்கத்துப் படகு அந்தப் பக்கம் போகக் கூடாதாம். வீட்டுக்காரர் அடுத்தவர் படகில் கூலிக்குப் போகிறார். படகு போனால் எப்படியாவது இன்னொன்று பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைக்கு நான் எங்கே போவேன்?

உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுகிறேன். தடையெல்லாம் தண்ணீரில்தான், ரோட்டில் என்னை யாரும் நிறுத்தப் போவதில்லை. படகைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன். பேர் சொல்லியும் கூப்பிட மாட்டேன். உன் வீட்டு வாசலில் போய் உட்காருவேன். ஊரே பார்க்கட்டும். அவனாக வெளியே வந்து, "சின்னம்மா, உள்ள வா" என்று சொல்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்.

இன்னமும் உன் பிள்ளைக்குச் சின்னம்மாவான
உன் தங்கை,
செல்வி