உறையின் மேல் ஓன்னவெர்ட்

அன்புள்ள அம்மாவுக்கு வீபெ எழுதுவது. நான் நலம். அப்பாவின் முழங்கால் வலி தேவலையா?

நம் ஊரை லாங்ஸெய்லோடு சேர்த்து, ரோட்டோரப் பெயர்ப்பலகையையும் கழற்றிவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. கடல் ஏறி வந்த காலத்தில் ஓன்னா என்ற பெண் தன் ஆடுகளைக் காப்பாற்றக் கூடை கூடையாய்ச் சேறு சுமந்து கொட்டிய வெர்ட், அதாவது மேடு, என்பதால்தானே அது ஓன்னவெர்ட்? அந்த மேட்டிலேயே நின்று மேயர் கேக் வெட்டினாராம், அப்பா எதிர்த்து ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு துண்டு சாப்பிட்டாராம். நன்றாக இருக்கிறது.

எங்கள் தூர்வாரும் கப்பலில் லாங்ஸெய்ல்காரன் ட்யார்ட் இருக்கிறானே, அவன், "உன் ஊருதான் காணாமப் போச்சே, இனிமே எங்க ஊருன்னு சொல்லிக்கோடா" என்று சிரித்தான். என் பட்டாணி சூப்பை அவன் பூட்ஸுக்குள் ஊற்றினேன். ஆறிப்போன சூப்தான், பயப்படாதீர்கள். இப்போது அவன் என்னோடு பேசுவதில்லை. நம் பேச்சுப் பேச இங்கே வேறு ஆளும் இல்லை.

நாங்கள் கடலில் மணல் கொட்டி யாரோ பணக்காரர்களுக்குத் தீவு கட்டுகிறோம். அது இன்னும் தண்ணீருக்கு மேலேயே வரவில்லை, அதற்குள் பெயர் வைத்துவிட்டார்கள்.

உப்பு அதிமதுர மிட்டாய் கொஞ்சம் அனுப்புங்கள். நம் ஊர்ப் பேப்பரிலேயே சுற்றுங்கள், பழையதானாலும் பரவாயில்லை.

தபால் படகு கிளம்பப் போகிறது. உறையின் மேல் ஓன்னவெர்ட் என்றுதான் எழுதியிருக்கிறேன். இது உங்கள் கைக்கு வந்து சேர்ந்தால், தபால்காரருக்கு இருக்கிற ரோஷம்கூட அப்பாவுக்கு இல்லை என்று அவரிடமே சொல்லுங்கள்.

உங்கள் மகன்
வீபெ