வாலைப் பிடித்துத் தூக்கினார்கள்

வெள்ளிக்கிழமை, குதைபியா.

கோபம் இன்னும் அடங்கவில்லை. நான் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் பாலைவனப் பல்லிகளில் ஒன்று முதல்முறையாகச் சினையாக இருந்தது. வயிற்றுத் தோலுக்கு அடியில் இரண்டு முட்டைகள் வெள்ளையாகத் தெரிந்தன. என் கணவர் அந்தோணியின் நண்பன் செல்வின் மதியம் சாப்பிட வந்தான். நான் அடுப்படியில் இருந்த நேரம், வீடியோ எடுப்பதற்காக அதை வாலைப் பிடித்துத் தூக்கியிருக்கிறான். வால் அறுந்து விழுந்துவிட்டது.

"வாலு தனியா ஆடுது பாருங்கக்கா!" என்று என்னிடமே காட்டிச் சிரித்தான்.

அந்த வாலில் சேர்ந்திருக்கும் கொழுப்பை நம்பித்தான் அது முட்டையிட வேண்டும். அவனுக்கு அது விளையாட்டு.

"எந்திரி. இங்க சோறு கிடையாது. உன் ரூமுக்குப் போ" என்றேன்.

அவன் போனதும் அந்தோணி கத்தினார். "ஒரு பல்லிக்காக வீட்டுக்கு வந்தவன வெரட்டுவியா?"

"நீங்க பார்த்துட்டுத்தான இருந்தீங்க?"

"நான் போன்ல பேசிட்டு இருந்தேன். அவன் தொட்டியத் தொறந்ததே எனக்குத் தெரியாது."

நம்பினேன். அவருக்குச் சோறும் போட்டேன்.

பல்லி கல்லுக்கு அடியில் பதுங்கிக் கிடக்கிறது. நீட்டிய புழுவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

செல்வின் வீடியோவைக் குரூப்பில் போட்டிருக்கிறான். இப்போதுதான் பார்த்தேன். தொட்டியின் மூடியைத் தூக்கிப் பிடித்திருக்கும் கையில் எங்கள் கல்யாண மோதிரம் இருக்கிறது.