உப்புத்தாள்

நிலாத் தளம். பதிவு: டாக்டர் குழலி

நாள் 41, காலை 7.10
தளத்தில் இருவர்: நானும், பராமரிப்பாளர் ஜெபமணியும். அவருக்கு எதிர்ப்புச் சக்தி ஊசி, இரண்டாம் தவணை. எனக்கு ஒப்பீட்டுக்காக வெறும் உப்புநீர். அவரது குடும்ப நோய் வரலாறு: இல்லை. எல்லாம் சீர்.

நாள் 58, காலை 9.30
"டாக்டரம்மா, தலைக்குள்ள துரு ஏறுது. உப்புத்தாள் இருந்தா குடுங்க" என்றார். அவர் தூத்துக்குடியில் படகு எஞ்சின் பார்த்தவர். குழாய் தேய்க்கக் கேட்கிறார் என்று நினைத்தேன். காற்றே இல்லாத ஊரில் ஏது துரு என்று கிண்டலடித்து, ஒரு தாளைக் கொடுத்தேன். மூன்றாம் ஊசியும் போட்டேன்.

நாள் 66, மதியம் 2.15
ஜெபமணியின் இரத்தத்தில் அழற்சிப் புரதம் மூன்று மடங்கு. செல்களைக் காக்கும் குளூட்டதையோன் பாதிதான். கருவிக் கோளாறு என்று நம்ப ஆசைப்பட்டு மறுபடி பார்த்தேன். அதே கணக்கு. கிருமியே இல்லாத இடத்தில் எதிர்ப்புச் சக்தியை உசுப்பிவிட்டேன். சண்டைக்கு ஆள் கிடைக்காமல் அது அவர் மூளையிலேயே கைவைத்துவிட்டது. ஆக்சிஜன் செல்லை அரிக்கிறது. துரு என்பதும் அதுதானே. அவர் சரியாகத்தான் சொன்னார்.
சுவருக்குள் தன் அண்ணன் பேசுவதாகச் சொல்கிறார்.

நாள் 70, காலை 11.00
பூமியிலிருந்து: "குடும்பத்துல யாருக்கும் மனநோய் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. அப்ப இது தனிமையால வந்ததுதான். ஊசிய நிறுத்தாதீங்க."


நாள் 71, காலை 6.40
எழுதிவிடுகிறேன். முதல் ஊசிக்கு முன்பே கேட்டார்: "எங்கண்ணனுக்கு மனச்சிதைவு, டாக்டரம்மா. எனக்கு இந்த ஊசி ஒத்துக்கிடுமா?" ஒன்றும் ஆகாது என்றேன். எழுதினால் ஆளை மாற்றிவிடுவார்கள், என் ஆறு வருட ஆய்வு போய்விடும். 'இல்லை' என்று எழுதினேன். பாவி நான்.

நாள் 71, காலை 8.05
ஜெபமணியின் நெற்றிப்பொட்டில் தோல் இல்லை. கையில் நான் கொடுத்த உப்புத்தாள். "துரு பாதி போயிருச்சு, டாக்டரம்மா." கட்டுப் போட்டேன்.

நாள் 71, காலை 8.50
திருத்தி அனுப்பினேன். குடும்ப நோய் வரலாறு: உண்டு. என்னிடம் சொன்னார். மறைத்தேன்.
பதில்: "ஊசிய நிறுத்துங்க. கப்பல் வர ஒன்பது நாளாகும்."
ஜெபமணி என் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். சட்டைக் கையைத் தானே மடித்து, கையை நீட்டியிருக்கிறார்.
"இன்னைக்கு ஊசி இல்லியா, டாக்டரம்மா? நீங்க போட்டா சரியாயிரும்லா?"