நாலு லட்சம் வாலாட்டிக் குருவிகள்

விருத்தாசலம்
10.10.2023

டொரண்டோ மகாராணியாகிய அக்கா மகள் இளமதிக்கு, பீங்கான் சாம்ராஜ்யத்தின் சூளைச் சக்கரவர்த்தி, உன் தாய்மாமன் தர்மராஜ் அருளும் திருமுகம்.

உன்னைப் போலவே குளிருக்குப் பயந்து வருஷா வருஷம் ஓடிவரும் வாலாட்டிக் குருவி வந்துவிட்டது. ஒன்றா இரண்டா, நாலு லட்சம். அதுங்க வாலாட்டுற காத்துல ரயிலெல்லாம் ஜங்ஷனைத் தாண்டிப் போய் நிக்குது.

உங்க அத்தை போனப்புறம் மாமா தனியா கெடப்பான்னு நெனச்சுடாதே. மங்களூர் சொந்தம், நல்லூர் சொந்தம் எல்லாம் இங்கேதான் டேரா. வூட்ல கால் வைக்க இடமில்லை. நான் படுக்கிறது பீரோ மேல. பந்தியின் கடைசி இலை உளுந்தூர்பேட்டையில் விழுகிறது.

மெஷின் சத்தத்தில் காது போனதால் போனில் உன் குரல் பிடிபடவில்லை. மார்கழிக்கு என்றைக்கு வருகிறாய் என்று எழுது.

உன் மாமா,
சக்கரவர்த்தி தர்மராஜ்


டொரண்டோ
6.11.2023

அன்புள்ள மாமாவுக்கு,

உங்க கடிதத்தைப் படிச்சு உங்க மாப்பிள்ளை பிரபாகரன் சிரிச்சு ஓயலை. எனக்குத்தான் கண்ணு கலங்கிடுச்சு. அத்தை இல்லாம எப்படி இருக்கீங்களோன்னு வருஷம் பூரா பயந்துகிட்டிருந்தேன்.

உங்க பேச்சுல நூத்துல ஒரு பங்குதான் எடுத்துக்குவேன், தெரியுமில்ல? அப்படிப் பார்த்தாலும் அந்த ரெண்டு ரூமு வூட்டுல பத்துப் பேராவது இருப்பாங்க. இதுல பிள்ளைங்களோட நாங்க நாலு பேரும் வந்து உங்களை நெருக்க வேணாம். இந்தக் குளிருக்கு மெக்ஸிகோ கடற்கரைக்குப் போறோம். டிசம்பர் பதினைஞ்சு கிளம்பி, ஜனவரி பத்துல திரும்புவோம். டிக்கெட் போட்டாச்சு.

பீரோ மேல ஏறாதீங்க மாமா.

உங்கள்
இளமதி


விருத்தாசலம்
2.12.2023

இளமதிக்கு,

மெக்ஸிகோ போய்ச் சுகமா வாங்க. பிள்ளைங்களை அலையில் இறக்கும்போது கையைப் பிடிச்சுக்கோ.

இந்தக் கடிதம் வரும்போது நீ ஊரில் இருக்கமாட்டே. பூட்டின கதவுக்கு உள்ளே கெடக்கும். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

குருவி ஒண்ணுதான் வந்துச்சு. மஞ்ச வயிறு. சாயங்காலம் சூளைச் சுவத்தோட சூட்டுக்குப் பக்கத்தில் வந்து நிக்கும். நானும் ஷிப்டு முடிஞ்சு அங்கேயே நிக்கிறேன். வூட்டுக்குப் போனா ஒரு தட்டு, ஒரு டம்ளர். நூத்துல ஒரு பங்குன்னு எழுதியிருந்தே. அதுவும் ஜாஸ்திதான்.

உங்க நாலு பேருக்கும் துவைச்சு வெச்ச கொசுவலையை மறுபடி மடிச்சு பீரோ மேல வெச்சிட்டேன்.

நீ இதைப் பிரிக்கும்போது பொங்கல் நெருங்கியிருக்கும். குருவி பங்குனி வரைக்கும் இருக்கும். வூட்ல கால் வைக்க நெறைய இடம் இருக்குது.

தர்மராஜ் மாமா