வாளியில் மிதந்த பாலைவனக் கோட்டைகள்

அக்கா, இன்று மதியம் நம் ராமச்சந்திராபுரம் வீட்டுக்கு உன் பெயரில் ஒரு கவர் வந்தது. ஜோர்டானிலிருந்து உன்னோடு ஸ்டாம்பு மாற்றிக்கொள்ளும் பெண் அனுப்பியது. நீ செத்துப்போனது அவளுக்குத் தெரியாது. கவர் மேல் ஸ்டாம்பில் மணல் நிறத்தில் அந்த ஊர்க் கரானா கோட்டை. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"பாக்கத்தான் கோட்டை. சண்டைக்குக் கட்டினது இல்லடி. அந்த இடுக்கு வழியா அம்பெல்லாம் விட முடியாது, காத்து வரத்தான்" என்பாய். ஜெய்சல்மேர், கரானா என்று பாலைவனக் கோட்டைகளை மட்டுமே சேர்த்தாய். உன் புருஷனுக்கு அது ஆகாது. அவனை இனி அத்தான் என்று எழுத மாட்டேன்.

அன்று உன் மாதாப்பூர் ஃபிளாட்டுக்குள் நான் நுழைந்தபோது, "எவனுக்குடி லெட்டர் எழுதறே?" என்று கத்தியபடி உன் கவர்களை பாத்ரூம் வாளித் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தான். கவரிலிருந்து ஸ்டாம்பை எடுக்க நீயே தண்ணீரில்தான் ஊறப்போடுவாய் என்பது அந்த மடையனுக்குத் தெரியாது. சற்று நேரத்தில் கோட்டைகள் ஒவ்வொன்றாகக் கழன்று, ஓரம்கூடக் கிழியாமல் மிதந்தன. நீ சிரித்துவிட்டாய்.

அந்தச் சிரிப்புக்கு உன் தலையைப் பிடித்துச் சுவரில் மோதினான். டைல்ஸெல்லாம் ரத்தம். நான் குக்கர் மூடியை எடுத்துவந்து அவன் வாயிலேயே ஓங்கிப் போட்டேன். பல் தெறித்தது. மறுபடியும் போட்டேன். "நக்கோ, வேணாம், விடுடி, செத்துருவான்!" என்று நீதான் என் கையைப் பிடித்தாய்.

உன் நெற்றித் தையல் பிரிப்பதற்குள் அவன் நம் வீட்டுக்கு வந்து அப்பாவின் காலில் விழுந்தான். "குடும்பம்னா முன்னப்பின்ன இருக்கும், போம்மா" என்றார் அப்பா. நான் வாசலை மறித்து நின்றேன். "ஒரே ஒரு தடவை பாக்கறேன்டி" என்று என்னை விலக்கிவிட்டுப் போனாய். அந்த மாதமே அபார்ட்மெண்ட் படிக்கட்டின் அடியில் கழுத்து முறிந்து கிடந்தாய்.

வழுக்கி விழுந்தாய் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். ஸ்டேஷனில் அப்பா அப்படியே கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார். "விழல. தள்ளிட்டான்" என்றேன். என்னால்தான் கேஸ் நடக்கிறது. நாளை கோர்ட்டில் நான் சாட்சி சொல்ல வேண்டும்.

நான் அடங்காத கோபக்காரி, அவனை அடித்தவள் என்று அவன் வக்கீல் சொல்வாராம். சொல்லட்டும், ஆமாம் என்பேன். நீ ஒரு நாளும் படாத கோபத்தையும் சேர்த்து நான்தானே இப்போது சுமக்கிறேன்.