ஆறு வீட்டுச் சாவி

9 ஆகஸ்ட் 2008, சனி

சாமளாபுரத்தில் தறிச் சத்தம் காதைப் பிளக்கும் என்றுதான் முதலிபாளையத்தில் இந்த லைன் வீட்டைப் பிடித்தேன். அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டு வீட்டிலிருந்தே டைப் அடிப்பவனுக்கு அமைதி வேண்டுமே. இங்கே காலையில் எல்லோரும் பனியன் கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். பகலில் இருப்பது நான் மட்டும் என்பதால் ஆறு வீட்டுச் சாவியும் என்னிடம்தான். கொடுக்கும்போது ஒரு வார்த்தை, வாங்கும்போது ஒரு வார்த்தை.

இன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா சாவி வாங்க வந்தார். "எத்தனை நாளைக்குத்தான் தம்பி ஊட்டுலயே இருப்பீங்க? எங்க கம்பெனில செக்கிங்குக்கு ஆள் கேக்கறாங்க. சொல்லட்டுங்களா?"

எனக்கு வேலை இல்லை என்று நினைத்திருக்கிறார். நான் மறுக்கவில்லை. மறுத்தால் பேச்சு முடிந்துவிடும். எத்தனை மணிக்கு வரணும் என்றுகூடக் கேட்டேன்.

சாவிகள் மாட்டும் ஆணி காலியாக இருக்கிறது. நாளை ஞாயிறு. யாரும் வீட்டைப் பூட்டப் போவதில்லை.