சென்சாருக்கு வைத்த பொட்டு

இன்று ஆயுத பூஜை. பேக்கிங் பக்கத்திலிருந்து சந்தனம் கரைக்கிற வாசனை வந்ததுமே உன்மேல் எனக்கு எரிச்சல் வந்தது. செத்தவன்மேல் என்னடா எரிச்சல் என்பாய். உயிரோடு இருந்தபோது மட்டும் கம்மியாகவா இருந்தது?

ஐ.டி.ஐ. முடித்து, வேங்கிக்கால் தாண்டி இருக்கும் இந்த அரிசி ஆலையில் இருவரும் ஒரே நாளில்தான் எலெக்ட்ரீஷியனாகச் சேர்ந்தோம். ஆனால் மிஷின் நின்றால் முதலாளியம்மா தேடுவது உன்னைத்தான். பக்கத்திலேயே டெஸ்டரோடு நான் நிற்பேன். "அடி அண்ணாமலைக்காரன் எங்கப்பா?" என்று உன் ஊரைச் சொல்லித்தான் கேட்பார். எனக்கு வயிறு எரியும்.

சென்சார்களுக்குப் பட்டப்பெயர் வைத்தவனும் நீதான். அரிசியை மேலே ஏற்றும் எலிவேட்டரின் சக்கரத்தருகே இருப்பவன் 'இரும்புக்காரன்'. இரும்பு கிட்டே வந்தால் மட்டுமே கண்டுகொள்வான். சக்கரத்தின் போல்ட் தன்னைக் கடக்கும்போதெல்லாம் எண்ணுவான். எண்ணிக்கை குறைந்தால் பெல்ட் வழுக்குகிறது என்று அர்த்தம். அந்த அரிசி போய் விழும் தொட்டியான ஹாப்பரின் மேல்பக்கம் இருப்பவன் 'எல்லாந்தின்னி'. அரிசி, தண்ணீர், ஈரக்கை, எது நெருங்கினாலும் அவனுக்கு ஒன்றுதான். அரிசி தன் உயரத்துக்கு வந்ததும் ஹாப்பர் நிறைந்தது என்று எலிவேட்டரை நிறுத்திவிடுவான். "ரெண்டு பேருமே தொட மாட்டானுங்க, கிட்ட வந்தாலே போதும்" என்று நீ சொன்னால் பேக்கிங் பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அதையே நான் சொன்னால் கொட்டாவி விடுவார்கள்.

ஒரு வருஷம் ஆயுத பூஜைக்கு மிஷின் மிஷினாகச் சந்தனப் பொட்டு வைத்தது நான். உன்னைவிட ஒருபடி மேலே செய்து காட்ட வேண்டுமென்ற வேகம். யாரும் வருவதற்கு முன்பே ஏணி போட்டு ஏறி, ஹாப்பர் மூடியைத் திறந்து, எல்லாந்தின்னியின் முகத்திலும் தடிமனாக ஒன்று அப்பினேன். கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, முதலாளியம்மா சுவிட்சைப் போட்டார். எலிவேட்டர் அசையவில்லை. "பூஜை போட்டதும் நின்னுடுச்சே, என்ன சகுனமோ" என்று அவர் முகம் வெளுத்துவிட்டது.

நீ ஏறிப் பார்த்தாய். ஹாப்பர் காலி, ஆனால் ஈரச் சந்தனத்தை அரிசி என்று நினைத்துச் சென்சாரில் விளக்கு எரிகிறது. கட்டைவிரலால் ஒரே துடைப்பு. எலிவேட்டர் ஓடியது. இறங்கி வந்து, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "நான்தாம்மா வெச்சுட்டேன். அவனும் சாமிதானேனு" என்றாய்.

எல்லோரும் சிரித்தார்கள். சகுனப் பேச்சு போயிற்று, உன் மதிப்பு இன்னும் ஜாஸ்தியாயிற்று. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. திட்டு வாங்கியிருந்தால் அதுவாவது என்னுடையதாக இருந்திருக்கும். ஆனால் வாயைத் திறக்க அன்று எனக்குத் தைரியமில்லை.

போன பங்குனியில் மாரடைப்பு வந்து நீ போய்விட்டாய். இன்று பூஜை முடிந்ததும் முதலாளியம்மா அந்தப் பொட்டுக் கதையைச் சொல்லிக் கண் கலங்கினார். எனக்குத் தாங்கவில்லை.

"அம்மா, அதை வெச்சது அவன் இல்லீங்க. நான்தான்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, "செத்தவன் பேர்ல தப்பு இருக்கக் கூடாதுனு தன்மேல போட்டுக்கறான் பாருங்க. கூடவே இருந்தான்ல, அவன் குணம் இவனுக்கும் ஒட்டிக்கிச்சு" என்றார்.

அடப்பாவி! என் தப்பைக்கூட என்னிடம் திருப்பித் தராமல் போய்விட்டாயே.

சந்தனக் கிண்ணத்தோடு ஏணியில் ஏறினேன். பொட்டை மூடியின்மேல் வைத்தேன். மூடியைத் திறந்தால், எல்லாந்தின்னியின் முகத்தில் ஒன்றும் இல்லைதான்; ஆனாலும் கட்டைவிரலால் ஒருமுறை துடைத்தேன். அந்த வருஷத்திலிருந்து இதை ஒரு பூஜைக்கும் நான் விட்டதில்லை. உன்னிடமிருந்து எனக்குக் கிடைத்தது இந்த ஒரு துடைப்புதான். அதையும் நீ என்னைவிட நன்றாகச் செய்தாய்.